கைமாற்று – 9: பத்து ரூபாய்ப் பங்கு

1969 ஜூலை 19 அன்று 14 பெரிய வங்கிகள் நாட்டுடைமையானதோடு சென்ற வாரம் நிறுத்தியிருந்தோம். அடுத்த மூன்று ஆண்டுகளில் இன்னோர் அறிவிப்பு வந்தது. பரம ஏழைகளுக்கு நூற்றுக்கு 4 வட்டியில் வங்கிக் கடன். 1972இல் வந்த அந்தத் திட்டத்துக்கு ‘வேறுபட்ட வட்டி விகிதத் திட்டம்’ என்று பெயர். காகிதத்தில் பார்த்தால் அன்றோடு வட்டிக்காரர்கள் கடையைக் கட்டியிருக்க வேண்டும். யாரும் கட்டவில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் அகமதாபாத் சந்தைக்குப் போக வேண்டும்.

அம்பதுக்கு அஞ்சு

பழைய அகமதாபாத்தின் நடுவில் இருக்கிறது மாணேக் சௌக். பகலில் நகைக்கடை, இரவில் தின்பண்டக் கடை என்று பொழுதுக்கு ஒரு வேஷம் போடும் சதுக்கம் அது. அங்கே தரையில் கூடை வைத்துக் காய்கறி விற்கும் பெண்கள் தலைமுறை தலைமுறையாக உண்டு. மாமியார் உட்கார்ந்த இடத்தில் மருமகள் உட்காருவாள். இடம் இருக்கிறது, தொழில் தெரியும், வாடிக்கையும் உண்டு. விடியற்காலையில் சரக்கெடுக்கக் கைமுதல்தான் இருக்காது.

அதற்குத்தான் வட்டிக்காரர். காலையில் 50 ரூபாய் கொடுப்பார். சாயங்காலம் 55 ரூபாயாகத் திருப்பிக் கட்ட வேண்டும். நம் ஊர்ச் சந்தையில் காலையில் 900 வாங்கி இருட்டுவதற்குள் 1,000 கட்டும் பூக்காரம்மாவுக்கு இந்தக் கணக்கை யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒருமுறை போட்டுப் பார்த்துவிடுவோம். நாளைக்கு 5 ரூபாய் வட்டி. பத்து நாளில் வட்டியே முதலைத் தொட்டுவிடும். மாதம் முழுக்கத் தவறாமல் கட்டினால் 150 ரூபாய் போயிருக்கும். முப்பத்தோராம் நாள் காலையில் அதே 50 ரூபாய்க்கு அதே வாசலில் நிற்க வேண்டும்.

அரசு அறிவித்த 4 சதவீதத்தில் அதே 50 ரூபாய்க்கு ஆண்டு முழுவதற்கும் வட்டி 2 ரூபாய். சந்தையில் ஒரு நாள் கட்டும் வட்டியை வைத்து வங்கியில் இரண்டரை ஆண்டு ஓட்டிவிடலாம். இவ்வளவு பெரிய இடைவெளி இருந்தும் சந்தைப் பெண்கள் வங்கிப் பக்கம் போகவில்லை. சிலர் போனார்கள். போய்வந்த கதைக்கு முன்னால், அவர்களை அழைத்துப் போனவர்கள் யார் என்று பார்க்க வேண்டும்.

ஆலைச் சங்கமும் அதற்கு வெளியே இருந்தவர்களும்

அகமதாபாத் பஞ்சாலை நகரம். 1918இல் அங்கே ஆலைத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது காந்தி அவர்களுக்காக உண்ணாவிரதம் இருந்தார். தொழிலாளர் பக்கம் நின்று அதை நடத்தியவர் அனசூயா சாராபாய். எதிர்ப்பக்கத்தில் முதலாளிகளின் முன்னணியில் நின்றவர் அவருடைய சொந்தத் தம்பி அம்பாலால் சாராபாய். அந்தப் போராட்டத்தின் தொடர்ச்சியாக 1920இல் உருவானதுதான் மஜூர் மகாஜன் என்ற ஜவுளித் தொழிலாளர் சங்கம். நாட்டின் மிகப் பலம் வாய்ந்த தொழிற்சங்கங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

1954இல் அந்தச் சங்கம் ஒரு மகளிர் பிரிவைத் தொடங்கியது. ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கும் மகளுக்கும் தையல், நூற்பு, பூவேலை கற்றுத்தரும் பிரிவு. வீட்டுத் தலைவர் ஆலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார், பெண்கள் உபரியாக ஏதோ செய்துகொள்கிறார்கள் என்பதுதான் அதன் பின்னால் இருந்த எண்ணம்.

அந்த எண்ணத்தை உடைத்தவர் இலா பட். 1933இல் பிறந்தவர், சட்டம் படித்தவர், 1955இல் சங்கத்தின் சட்டப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தவர். 1968இல் மகளிர் பிரிவின் பொறுப்பு அவரிடம் வந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் நகரத்தில் பெரிய ஆலைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு வேலை போயிற்று. அந்தக் குடும்பங்களின் நிலையை அறிய இலா பட் வீடு வீடாகப் போனார். ஆண்கள் ஆலை வாசலில் போராடிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் உலை கொதித்துக்கொண்டுதான் இருந்தது. பீடி சுற்றியும், ஊதுவத்தி உருட்டியும், காய் விற்றும், பாரம் சுமந்தும் கொதிக்க வைத்தவர்கள் பெண்கள். ஆலை ஓடிய காலத்திலும் அவர்கள் இதே வேலைகளைச் செய்துகொண்டுதான் இருந்தார்கள். அவர்கள் பெயர் எந்தச் சங்கத்தின் பேரேட்டிலும் இல்லை, எந்தத் தொழிலாளர் சட்டமும் அவர்களை அடையாளம் காணவில்லை என்பதும் இலா பட்டுக்கு அப்போதுதான் உறைத்தது.

வியாபாரி எழுதிய சாட்சி

1971இல் துணிச் சந்தையில் தலைச்சுமை தூக்கும் பெண்கள் சிலர் சங்கத்தைத் தேடி வந்தார்கள். ஊரிலிருந்து பிழைக்க வந்து நடைபாதையில் குடியிருந்தவர்கள். தங்க இடம் கேட்டு வந்தார்கள். இலா பட் அவர்கள் இருந்த இடத்துக்கே போய்ப் பேசியதில் வேறொன்று தெரியவந்தது. எத்தனை நடை சுமந்தார்கள், எவ்வளவு தூரம் சுமந்தார்கள் என்பதற்குக் கணக்கில்லை. வியாபாரி கையில் வைப்பதுதான் கூலி.

இதை அவர் உள்ளூர்ப் பத்திரிகையில் எழுதினார். வியாபாரிகளுக்குக் கோபம் வந்துவிட்டது. நாங்கள் நியாயமான கூலிதான் கொடுக்கிறோம், இன்ன வேலைக்கு இன்ன தொகை என்று பதில் அறிக்கை வெளியிட்டார்கள்.

மகளிர் பிரிவு மறுப்பு எழுதவில்லை. வியாபாரிகளின் அறிக்கையை அப்படியே சின்ன அட்டைகளில் அச்சடித்துச் சுமை தூக்கும் பெண்களிடம் கொடுத்தது. இனி கூலி குறைந்தால் அட்டையை நீட்டலாம். சொன்னது நீங்கள், கொடுங்கள் என்று கேட்கலாம். எழுத்தறியாத பெண்களின் கையில் முதலாளி எழுதிக்கொடுத்த சாட்சி வந்து சேர்ந்தது. செய்தி சந்தை முழுக்கப் பரவியது.

அதைக் கேட்டு வந்தவர்கள் பழைய துணிக்காரப் பெண்கள். தெருத் தெருவாகப் போய்ப் பாத்திரம் கொடுத்துப் பழைய துணி வாங்கி, கிழிசலைத் தைத்துத் துவைத்து விற்கும் அந்தத் தொழில் தமிழ்நாட்டுத் தெருக்களுக்கும் பழக்கமானதுதான். 1971 டிசம்பரில் அவர்களைக் கூட்டிப் பேசியபோது கூட்டத்திலிருந்து ஒரு பெண் எழுந்து, நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்றார். ‘சேவா’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுயதொழில் பெண்கள் சங்கம் பிறந்தது அப்படித்தான். மஜூர் மகாஜனின் தலைவர் அரவிந்த் புச் அதற்கும் தலைவரானார். இலா பட் பொதுச்செயலாளர்.

தொழிலாளர் துறை பதிவு செய்ய மறுத்தது. முதலாளி இல்லாமல் தொழிற்சங்கமா? யாரை எதிர்த்துப் போராடுவீர்கள்? சட்டம் படித்த இலா பட் சட்டத்தை வைத்தே வாதாடினார். சங்கம் என்பது தொழிலாளர் ஒன்றுசேர்வதற்கு, எதிரில் முதலாளி நின்றே ஆகவேண்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. பல மாத இழுபறிக்குப் பிறகு 1972 ஏப்ரல் 12 அன்று பதிவு கிடைத்தது.

கவுன்டருக்கு அந்தப் பக்கம்

சங்கம் ஆரம்பித்த கையோடு உறுப்பினர்களைக் கேட்டார்கள்: முதலில் என்ன வேண்டும்? காய்கறிக்காரி, துணிக்காரி, கைவண்டி இழுப்பவள் எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். கடன். வண்டிக்கு வாடகை கட்டுகிறோம், சரக்குக்கு வட்டி கட்டுகிறோம், அடகு நகைக்கு வட்டி கட்டுகிறோம், மிச்சம் ஒன்றுமில்லை.

நாட்டுடைமை வங்கிகளுக்கும் ஏழைகளுக்குக் கடன் கொடுத்துக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. சேவா ஆட்களைக் கண்டுபிடித்து மனு எழுதிக் கொடுத்தால் வங்கி கடன் கொடுக்கும் என்று ஏற்பாடாயிற்று. பெண்கள் வங்கிக்குப் போனார்கள்.

காய்கறிக்காரிக்கு வியாபாரம் முடிந்து கையில் காசு சேர்வது பொழுது சாயும்போது. வங்கிக் கவுன்டர் மத்தியானத்தோடு மூடிவிடும். அன்றைக்குக் கட்ட முடியாத பணம் வீட்டுக்குப் போகும். வீட்டில் அதைப் பத்திரப்படுத்த இடம் கிடையாது. புருஷன் கேட்பான், பிள்ளைக்குக் காய்ச்சல் வரும், பணம் கரையும். மறுநாள் வியாபாரத்தை விட்டுவிட்டு வங்கிக்குப் போனால் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் எழுத்தருக்குப் பொறுமை போய்விடும். கூட வந்த பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள், துணி அழுக்காக இருக்கிறது, மற்ற வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று வங்கியிலிருந்து சேவாவுக்குப் புகார் வரும். பெண்களிடமிருந்தும் புகார் வரும், மரியாதை இல்லாத இடத்துக்கு எப்படிப் போவது என்று.

வட்டிக்காரர் நூற்றுக்குப் பத்து நாள்வட்டி வாங்கினாலும் விடியற்காலையில் வாசலில் இருப்பார். மனு கேட்க மாட்டார். சாயங்காலம் கூடைக்குப் பக்கத்திலேயே வந்து வாங்கிக்கொள்வார். 4 சதவீதத்தால் அவரை ஏன் அசைக்க முடியவில்லை என்பதற்கு இதுதான் விடை. வட்டி குறைந்தால் மட்டும் போதாது, சந்தையின் நேரத்துக்கும் சந்தையின் இடத்துக்கும் வங்கி வந்தாக வேண்டும்.

நாலாயிரம் பேர்

1973 டிசம்பர். சேவா கூட்டத்தில் இந்த வங்கித் தொல்லைகளைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். சந்தாபென் என்ற பழைய துணி வியாபாரி எழுந்து, நாமே ஒரு வங்கி வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். அதற்கு நிறையப் பணம் வேண்டுமே, நாமெல்லாம் ஏழைகளாயிற்றே என்றார் இலா பட். ஏழைகள்தான், ஆனால் எண்ணிக்கையில் நாம் எத்தனை பேர் என்று பாருங்கள் என்று சந்தாபென்னிடமிருந்து பதில் வந்தது. இலா பட் பின்னாளில், 2006இல், தன் அனுபவங்களை எழுதியபோது அந்தப் பதிலையே புத்தகத்துக்குத் தலைப்பாக வைத்தார்.

பங்குத்தொகை ஆளுக்கு 10 ரூபாய் என்று வைத்தார்கள். சில மாதங்களில் 4,000 பெண்கள் பங்கு போட்டார்கள். 40,000 ரூபாய். அந்தப் பத்து ரூபாயின் கனத்தை அறிய மாணேக் சௌக் கணக்கைத்தான் திரும்பப் பார்க்க வேண்டும். 50 ரூபாய்க் கைமுதல் இல்லாமல் தினம் வட்டி கட்டிக்கொண்டிருந்தவர்கள் அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்திருக்கிறார்கள்.

பணம் சேர்ந்த பிறகும் தடை தீரவில்லை. கூட்டுறவுப் பதிவாளர் அலுவலகத்தில் தலையை ஆட்டினார்கள். படிக்கத் தெரியாத பெண்கள் வங்கி நடத்துவதா? இவர்களுக்குக் கடன் கொடுத்தால் திரும்ப வருமா? கையெழுத்துப் போடத் தெரியாதவர் எப்படி வங்கியின் அமைப்பாளர் ஆக முடியும்?

கடைசிக் கேள்விக்கு மட்டும் ஓர் இரவில் பதில் தயாரானது. அமைப்பாளர்களாகக் கையெழுத்திட வேண்டிய பெண்கள் இலா பட் வீட்டில் கூடி, தங்கள் பெயரை எழுதி எழுதிப் பழகினார்கள். விடிந்ததும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டார்கள். 1974 மே மாதம் ஸ்ரீ மகிளா சேவா சககாரி வங்கி பதிவானது. நகர்ப்புறக் கூட்டுறவு வங்கி, ரிசர்வ் வங்கியின் மேற்பார்வையில் இயங்குவது, முழுக்கப் பெண் பங்குதாரர்களுக்குச் சொந்தமானது.

சிலேட்டில் எழுதிய எண்

கையெழுத்துத் தெரியாத ஆயிரக்கணக்கானோருக்குக் கணக்குத் தொடங்க வேண்டும். பெயரை மட்டும் நம்பவும் முடியாது. ஒரே பெயரில் பத்துப் பேர் இருந்தார்கள். ஒரே பெண் ஒரு நாள் அப்பா பெயரோடும் இன்னொரு நாள் புருஷன் பெயரோடும் தன்னைச் சொல்வாள். வங்கி ஒரு வழி கண்டது. கணக்கு எண்ணைச் சிலேட்டில் எழுதி அந்தப் பெண்ணின் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பது. ஒரு படம் பாஸ்புக்கில், ஒன்று வங்கிப் பதிவேட்டில். முகமே கையெழுத்து.

பல பெண்களுக்கு வாழ்நாளில் எடுத்த முதல் போட்டோ அது. தன் முகமும் தன் பெயரும் சேர்ந்து அச்சான ஒரே ஆவணமும் அதுதான். ஆனால் அதை வீட்டுக்கு எடுத்துப்போகாமல் வங்கியிலேயே விட்டுச் சென்றவர்கள் உண்டு. சேமிப்பு எவ்வளவு என்று வீட்டில் தெரிந்தால் அது சேமிப்பாக இருக்காது.

சேமிப்புத்தான் முதலில். பிற்காலச் சிறுகடன் நிறுவனங்களிலிருந்து சேவா வங்கி விலகி நிற்கும் இடம் இது. கூட்டுறவு வங்கி என்பதால் வைப்புத்தொகை வாங்க அதற்குச் சட்டப்படி உரிமை இருந்தது. தினம் ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் என்று சேர்க்க ஆட்கள் சந்தைக்கே போனார்கள். வீட்டில் வைக்கப் பூட்டிய உண்டியல் கொடுத்தார்கள், சாவி வங்கியில். முதல் இரண்டு ஆண்டுகள் வங்கி சேமிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு, கடனுக்கு நாட்டுடைமை வங்கிகளோடு இடைநின்றது. 1976 முதல் சொந்தப் பணத்திலிருந்தே கடன் கொடுக்கத் தொடங்கியது.

கடன் வாங்கிய பெண்கள் எடுத்த எடுப்பில் கடை விரிவாக்கவில்லை. முதல் வேலை பழைய கடனை அடைப்பது, அடகு நகையை மீட்பது. இதைத் தொழில் கடன் என்று எந்த வங்கி மேலாளரும் ஒப்புக்கொள்ள மாட்டார். சேவா ஒப்புக்கொண்டது. நாள்வட்டி நின்றாலே தினம் 5 ரூபாய் வருமானம் கூடிய மாதிரிதானே? அடுத்த கடனில் மொத்த விலைக்குச் சரக்கு. அதற்கடுத்து வாடகை வண்டியை விட்டுச் சொந்த வண்டி, அல்லது தையல் மெஷின். பிறகு வீட்டுக்கு ஓட்டுக்கூரை.

கடனில் வாங்கும் சொத்து பெண் பெயரில் இருக்க வேண்டும் என்பதிலும் வங்கி கண்டிப்பாக இருந்தது. கிராமப்புறங்களில் அடமானத்தில் போன நிலத்தை மீட்கக் கடன் கொடுத்தபோதும் பத்திரத்தில் பெண்ணின் பெயர் ஏற வேண்டும் என்றது. மீட்டுக்கொடுப்பது அவள் உழைப்பு, நிலம் வேறொருவர் பெயரில் இருந்தால் அடுத்த அடமானத்தில் அவளைக் கேட்க மாட்டார்கள்.

திரும்பாத கடன்

எல்லாக் கடனும் திரும்பிவிடவில்லை. தவணை நின்றுபோனவர்களைத் தேடிச் சேவா ஊழியர்கள் வீடுகளுக்குப் போனார்கள். ஏமாற்றிவிட்டு ஊரைவிட்டுப் போனவர்கள் இருப்பார்கள் என்று நினைத்துப் போயிருக்கலாம். பல வீடுகளில் கடன் வாங்கிய பெண்ணே உயிரோடு இல்லை. பிரசவத்தில் இறந்தவர்கள் அவர்களில் அதிகம். மற்றவர்களில் சிலர் நோயில் படுத்திருந்தார்கள், சிலர் வீட்டில் யாருக்கோ வைத்தியம் பார்த்துக் கைமுதலைத் தொலைத்திருந்தார்கள்.

இந்தத் தொடரில் இதுவரை பார்த்த கடன் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் தவணை நின்றால் செய்ய ஒரு வேலை இருந்தது. லேவாதேவிக்காரர் அண்டாவைத் தூக்கினார். கூட்டுறவுச் சங்கம் ஜாமீன்தாரரைப் பிடித்தது. அரசாங்க வங்கி நோட்டீஸ் அனுப்பியது, சில சமயம் தேர்தலுக்கு முன் தள்ளுபடி செய்தது. சேவா வங்கி மட்டும் ஏன் நின்றது என்று விசாரித்தது. விசாரித்ததில் கிடைத்த பதிலுக்கு ஏற்ப வேலையை மாற்றிக்கொண்டது. அந்த வங்கி செய்த பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

1970களின் நடுவிலேயே பிரசவ உதவித் திட்டம் வந்தது. கர்ப்பிணி ஒரு சிறு தொகை கட்டிப் பதிய வேண்டும். பதிந்தால் பரிசோதனைக்கும் தடுப்பூசிக்கும் வந்தாக வேண்டும். பிரசவம் ஆனதும் கொஞ்சம் ரொக்கமும் ஒரு கிலோ நெய்யும் கிடைக்கும். பிள்ளை பெற்றவளுக்கு நெய் கொடுப்பது குஜராத்தில் காலங்காலமான பத்தியம். மூன்றாம் நாளே கூடையைத் தூக்கிக்கொண்டு சந்தைக்கு ஓடாமல் அவள் சில நாள் படுத்திருக்க அந்த ரொக்கம் உதவும்.

காப்பீட்டு நிறுவனங்கள் இந்தப் பெண்களுக்குப் பாலிசி கொடுக்கத் தயங்கின. நோயும் சாவும் அதிகம், பிரீமியம் வசூலிப்பது கஷ்டம் என்று காரணம் சொன்னார்கள். நோயும் சாவும் அதிகமாக இருப்பதால்தானே காப்பீடு கேட்கிறோம் என்றது சேவா. 1992இல் நோய், மரணம், சொத்திழப்பு மூன்றையும் சேர்த்த காப்பீட்டுத் திட்டம் உருவானது. நிரந்தர வைப்பாக ஒரு தொகையை வங்கியில் போட்டுவிட்டு, அதன் வட்டியையே ஆண்டுப் பிரீமியமாகக் கட்டும் வழியையும் கொடுத்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் பணம் புரட்டும் தொல்லை அதில் இல்லை.

கேடா மாவட்டப் புகையிலை வேலைக்காரப் பெண்களுக்குக் குழந்தைக் காப்பகங்கள் வந்தன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நாள் கூலியில்லாத நாள். 1990களின் நடுவில் அகமதாபாத் மாநகராட்சி குடிசைப் பகுதிகளில் தண்ணீர்க் குழாய், கழிப்பறை, சாக்கடை அமைக்க ‘பரிவர்தன்’ என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது ஒவ்வொரு குடும்பமும் தன் பங்காக 2,000 ரூபாய் போட வேண்டியிருந்தது. அதைச் சேமிக்கவும் கடனாக வாங்கவும் சேவா வங்கி வழி செய்தது. மாநகராட்சி தன் பங்குக்குப் பத்தாண்டு அந்த இடங்களைக் காலி செய்யச் சொல்வதில்லை என்று உறுதி கொடுத்தது. ஊதுவத்தி உருட்டுபவளுக்கு வீடுதான் பட்டறை. வாசலில் குழாய் வந்தால் தண்ணீருக்கு வரிசையில் நின்ற நேரமெல்லாம் உருட்டும் நேரமாகும். தவணைக் கணக்கில் அதுவும் சேரும்.

சங்கமும் வங்கியும் சேர்ந்தே நடக்க வேண்டியிருந்ததற்கு மாணேக் சௌக்கே உதாரணம். காய்கறிக்காரிக்கு 50 ரூபாய் குறைந்த வட்டியில் கிடைத்துவிட்டது. போலீஸ்காரர் வந்து கூடையை உதைத்தால்? இடைஞ்சல் என்று அபராதம் போட்டால்? 1980இல் சந்தையிலிருந்து அவர்களை அப்புறப்படுத்தியபோது பெண்கள் மறுத்து உட்கார்ந்தார்கள், போக்குவரத்தைத் தாங்களே ஒழுங்குபடுத்திக் காட்டினார்கள். 1982இல் சேவா உச்ச நீதிமன்றம் போனது. உரிமம் கேட்டு நடந்த அந்த வழக்கும் தெரு வியாபாரிகள் நாடு முழுக்க நடத்திய போராட்டங்களும் நீண்டு, கடைசியில் 2014இல் தெரு வியாபாரிகள் பாதுகாப்புச் சட்டத்தில் வந்து முடிந்தன. கடன் கைமுதலைக் கொடுக்கும். உட்காரும் இடத்தைச் சங்கம்தான் வாங்கித் தர வேண்டும்.

தாய்ச் சங்கத்தின் கதவு

1981இல் குஜராத்தில் மருத்துவக் கல்லூரி இட ஒதுக்கீட்டை எதிர்த்துக் கலவரம் வெடித்தது. தலித் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. சேவா உறுப்பினர்களில் தலித் பெண்கள் கணிசம். இலா பட் வெளிப்படையாக இட ஒதுக்கீட்டின் பக்கம் பேசினார். மஜூர் மகாஜன் தலைமை வாய் திறக்க விரும்பவில்லை. ஏற்கெனவே சேவாவின் போக்கு அங்கே பலருக்குப் பிடிக்கவில்லை. அந்த ஆண்டு மே மாதம் மகளிர் பிரிவும் சேவாவும் தாய்ச் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டன.

அமைப்பு கலைந்துபோயிருக்கலாம். வங்கி தனிப் பதிவு, தனிப் பங்குதாரர்கள், தனிக் கணக்கு என்று இருந்ததால் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. யாருடைய மானியத்திலாவது ஓடியிருந்தால் மானியத்தோடு நின்றிருக்கும். பத்து ரூபாய்ப் பங்கின் அர்த்தம் 1981இல்தான் முழுதாகத் தெரிந்தது.

இதற்குள் வெளியுலகமும் சேவாவைக் கவனித்துவிட்டது. 1975இல் மெக்சிகோ நகரில் நடந்த ஐ.நா. பெண்கள் மாநாட்டில், உலகம் முழுக்கப் பெண்களுக்குக் கடன் கிடைக்க ஓர் அமைப்பு வேண்டும் என்ற யோசனை பிறந்தது. கானாவில் ஆரஞ்சு மார்மலேட் விற்றுத் தொழில் தொடங்கிய எஸ்தர் ஒக்லூ, அமெரிக்காவின் மைக்கேலா வால்ஷ் ஆகியோரோடு இலா பட்டும் அதில் முன்நின்றார். 1979இல் அது விமன்ஸ் வேர்ல்டு பேங்கிங் என்ற அமைப்பாயிற்று. 1977இல் இலா பட்டுக்கு மகசேசே விருது கிடைத்தது. மத்திய அரசு அமைத்த சுயதொழில் பெண்களுக்கான தேசிய ஆணையத்துக்குத் தலைமை தாங்கி 1988இல் அவர் கொடுத்த ‘ஷ்ரமசக்தி’ அறிக்கை, அமைப்புசாராப் பெண்களின் உழைப்பை அரசாங்க ஆவணமாக்கியது. 2022 நவம்பர் 2 அன்று அவர் மறைந்தார்.

வளர்ச்சியின் வேகம்

சேவா வங்கி மெல்லத்தான் வளர்ந்தது. உறுப்பினர்களின் சேமிப்பு எவ்வளவோ அவ்வளவே கடன் என்பது அதன் பலம், அதுவே அதன் எல்லை. தினம் ஒரு ரூபாய்கூட மிச்சம் பிடிக்க முடியாதவள் அந்தக் கதவுக்கு வெளியேதான் நின்றாள். அவசரமாக லட்சக்கணக்கானோரைச் சேர்க்க இந்த முறை உதவாது என்று பலர் சொன்னார்கள். அதில் உண்மை உண்டு.

வேகமாக வளர்ந்தவர்கள் வேறு வழியில் போனார்கள். 2010 ஆகஸ்டில் ஒரு சிறுகடன் நிறுவனம் பங்குச் சந்தையில் இறங்கியது. அதே ஆண்டு அக்டோபரில், வசூல் கெடுபிடிகளும் தற்கொலைகளும் செய்தியாகி, ஆந்திர அரசு அவசரச் சட்டம் போட்டது. இந்த இரண்டு மாதங்களுக்கு நடுவில் நடந்ததை இத்தொடரின் பின்பகுதியில் விரிவாகப் பார்ப்போம். இப்போதைக்கு ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம். வைப்புத்தொகை வாங்க உரிமையில்லாத அந்த நிறுவனங்கள் வங்கிகளிடம் கடன் வாங்கிப் பெண்களுக்குக் கொடுத்தன. தவணை நின்றால் தங்கள் தவணையும் நிற்கும். ஏன் கட்டவில்லை என்று விசாரித்துப் பிரசவத் திட்டம் தொடங்க அங்கே யாருக்கும் நேரமில்லை. வாசலில் போய் உட்காரத்தான் நேரமிருந்தது.

அகமதாபாத்துக்கு வெளியே 1970களின் பிற்பகுதியில் இன்னும் இரண்டு இடங்களில் இதே கேள்வி எழுந்தது. ஒன்று வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமம். மற்றொன்று சென்னை. 1978இல் காங்கிரஸ் அரசியலில் சலித்துப்போன ஜெயா அருணாசலம் சென்னைக் குடிசைப் பகுதிகளில் இட்லி சுடும் பெண்களையும் காய்கறிக்காரிகளையும் சேர்த்துத் தொடங்கிய வொர்க்கிங் விமன்ஸ் ஃபோரம், சேவாவைப் போல முதலில் வங்கிகளின் 4 சதவீதத் திட்டத்தைத்தான் நம்பிப் போனது. மூன்றே ஆண்டுகளில் அவர்களும் சொந்தக் கூட்டுறவுச் சங்கம் தொடங்க வேண்டி வந்தது. அகமதாபாத்தில் பட்ட அதே அவஸ்தையா, வேறு காரணமா? அடுத்த வாரம் சென்னை.

(தொடரும்)